பாதி அடித்த ஆணி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சங்கத்தின் செயலாளர் சில வாரங்களுக்கு முன்னர் நம் இல்லம் தேடி வந்து, “இவ்வாண்டு விழாவில் தாங்களும் ஓர் உரை நிகழ்த்த வேண்டும்” என்று கேட்டபோது நாம் திகைத்தோம். இம்மேடையில் கம்பரையும் வள்ளுவரையும் இளங்கோவையும் பற்றிப் பேசியோர் கற்றறிந்தோர். நாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை மோட்டார் வண்டிகளின் இருக்கைகளுக்குத் திண்டு தைப்பதிலும், தைத்த திண்டை இருக்கைச் சட்டத்தில் பொருத்துவதிலும் கழித்தவர். “எமக்குத் தெரிந்தது அவ்வொன்றுதானே ஐயா!” என்றோம். “வந்தவர்கள் அனைவரும் உட்கார்ந்துதானே கேட்கப் போகிறார்கள்? உட்காரும் பொருளைப் பற்றியே பேசிவிடுங்கள்” என்று அவர் நகைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். மறுக்க வழியில்லாமற் போயிற்று.

ஆகவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், வண்டியின் இருக்கைத் திண்டு, அதைப் பூட்டும் வேளையில் எவ்வாறு தன் இடத்தில் பிடித்து நிறுத்தப்படுகிறது என்பதே. இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். இருக்கிறது.

திண்டுக்குத் தமிழில் பெயர்கள் பல. திண்டு என்போம், மெத்தை என்போம், தவிசு என்போம், அணை என்போம். இவற்றுள் அணை என்ற சொல்லின்மேல் நமக்குத் தனியாக ஒரு பற்றுண்டு. தலைக்கு வைப்பது தலையணை. பஞ்சு பொதிந்தது பஞ்சணை. அச்சொல்லே வினையாக வருங்கால் தழுவிப் பிடித்தலைக் குறிக்கும். இரண்டும் ஒரே வேரினவா என்று தீர்ப்புச் சொல்வது புலவர் வேலை. அவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். தொழிலில் நின்று பார்த்த நமக்குத் தெரிந்தது இவ்வளவே: அமர்ந்தவரை அணை தாங்கிக்கொள்கிறது, அந்த அணையைத் தாங்கிப் பிடிப்பதற்கு மற்றொன்று வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் முன்னது பயன்படாது.

இந்நகரில் நின்று இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. திருவிதாங்கூர் அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தானே ஏற்று நடத்தத் துணிந்து, இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் என்னும் ஆங்கிலேயரை 1937இல் கண்காணிப்பாளராக அமர்த்தியது. பெர்க்கின்ஸ் டீசல் எந்திரம் பூட்டிய கோமர் அடிச்சட்டங்கள் 60 இங்கிலாந்திலிருந்து வந்தன. வந்தவை அடிச்சட்டமும் எந்திரமும் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கூடு, சாக்கையிலிருந்த பட்டறையில் சால்ட்டரின் மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளரால் நாட்டு மரத்தில் கட்டப்பட்டது. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா அப்போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். 33 பேருந்துகள் அன்று அணிவகுத்துச் சென்றன. முன்பகுதியில் முதல் வகுப்பினர்க்குத் தோல் போர்த்த இருக்கைகள் இருந்தன. முதலில் ஓடிய வழி எது தெரியுமா? திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி! அந்நாளில் அது ஒரே அரசின் இரு ஊர்களை இணைத்த சாலை. 1956 நவம்பர் 1 முதல் அதன் ஒரு பாதி ஒரு மாநிலத்திலும் மறுபாதி வேறொரு மாநிலத்திலும் ஆயிற்று. இங்கே கூடியிருக்கும் குடும்பங்களுள் எத்தனையோ அச்சாலை வழியே, அப்பேருந்துகளின் வழிவந்த ஏதோ ஒன்றின் இருக்கையில் அமர்ந்து, மடியில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக இந்நகருக்கு வந்து சேர்ந்தவையே.

1965இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தோன்றிய பின்னரும், பாப்பனங்கோட்டிலுள்ள மத்தியப் பணிமனையில் பேருந்துக் கூடுகள் நெடுங்காலம் கட்டப்பட்டு வந்தன. நாம் அங்கே பணியாற்றியவரல்லர். நகரில் ஒரு சந்துக்குள் ஓடு வேய்ந்த ஒரு சிறு கொட்டகை, நான்கு பேர் வேலை, ஒரு தையற்பொறி, ஒரு மேஸ்திரி. அதுவே நம் பள்ளிக்கூடம். 1970களின் பிற்பகுதியில் அங்கே சேர்ந்தோம். மேஸ்திரி வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். பேசும்போது பாதி மலையாளமும் பாதி நெல்லைத் தமிழும் கலந்து வரும். வாயில் எப்போதும் ஆணி.

வாயில் ஆணியா என்று குழந்தைகள் வியக்கிறார்கள். ஆம். திண்டு வேலைக்கு வரும் ஆணி சிறியது, கூர்மையானது, கொண்டை அகன்றது. ஒரு கையால் ரெக்சினை இழுத்துப் பிடிக்க வேண்டும்; மறு கையில் சுத்தியல்; ஆணியை எடுக்க மூன்றாவது கை எங்கிருந்து வரும்? ஆகையால் ஒரு பிடி ஆணியை வாயில் அடக்கிக்கொண்டு, நாவினால் ஒவ்வொன்றாகக் கொண்டையை முன்னே தள்ளுவார்கள். சுத்தியலின் ஒரு முகம் காந்தம் ஏற்றப்பட்டிருக்கும். அதை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி அதில் ஒட்டிக்கொள்ளும். நாம் அதை முயன்று, இரண்டு ஆணிகளை விழுங்கியும் விட்டோம். வாழைப்பழத்தின் தயவால் பிழைத்தோம். அதைப் பார்த்து யாரும் பழக வேண்டா.

அக்காலத்துப் பேருந்துத் திண்டு அமைந்த விதத்தைச் சொல்லுகிறோம். அடியில் ஒட்டுப்பலகை. அதன்மேல் நிரப்புப் பொருள். அதற்கு மேல் ரெக்சின் உறை, பலகையின் அடிப்பக்கமாக மடிக்கப்பட்டு ஆணியால் அறையப்படும். இவ்வாறு முடிந்த திண்டை இரும்புக் குழாயால் ஆன இருக்கைச் சட்டத்தின்மேல் வைத்துப் பூட்டுவார்கள்.

நிரப்புப் பொருள் என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் தேங்காய் நார். நாரைச் சுருட்டி முறுக்கி, பின் பிரித்து, சுருள் சுருளாக நிற்கும்படி செய்து, அதன்மேல் இரப்பர்ப் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்தி, சூடேற்றிப் பதப்படுத்தினால் இரப்பர் நார்ப் பாளம் கிடைக்கும். காற்றோட்டம் உள்ளது, வியர்வையை அடைத்து வைக்காது. இரப்பர்ப் பாலையே முட்டை அடிப்பது போல அடித்து நுரைக்கச் செய்து நுரை இரப்பராக்கும் வழியை டன்லப் நிறுவனத்தார் இங்கிலாந்தில் 1929 அளவில் கண்டனர். பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளை 1937இல் ஜெர்மானியர் ஓட்டோ பாயர் கண்டறிந்தார்; அதன் மெல்லிய நுரை 1950களில் இருக்கைகளுக்குள் புகுந்து, பிறகு உலகம் முழுவதும் பரவிவிட்டது. இன்று யாவரும் ‘ஃபோம்’ என்பது அதைத்தான். நாரின் காலம் முடிந்தது என்று எண்ணியிருந்தோம். ஆனால் 1990களில் பிரேசில் நாட்டில், அமேசான் பகுதியில், ஜெர்மன் மோட்டார் நிறுவனம் ஒன்றின் துணையோடு தேங்காய் நாரையும் இரப்பர்ப் பாலையும் சேர்த்து வண்டிகளுக்குத் தலைசாய்ப்புத் திண்டு செய்யத் தொடங்கினார்களாம். ஆலப்புழையில் நாரும் கோட்டயத்தில் பாலும் கொட்டிக் கிடக்கும் இந்நாட்டில் இருந்துகொண்டு அச்செய்தியைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, சற்று வருத்தமும் வந்தது. நிற்க.

நிரப்புப் பொருளை உறையின் அளவுக்கு மிகச் சரியாக வெட்டினால் திண்டு சில மாதங்களில் தளர்ந்துவிடும். எனவே அரை அங்குலம் மிகையாக வெட்டுவோம். அமுக்கிப் புகுத்தப்பட்ட நுரை எப்போதும் வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கும். அத்துடிப்பே உறையை விறைப்பாக வைத்திருக்கும். தாய்மார்கள் பழைய தலையணைக்குப் புதிய பெரிய உறை போட்டால் உள்ளே தலையணை உருண்டு திரிவதைக் கண்டிருப்பீர்கள். வண்டியில் அது நேரக் கூடாது. அமர்ந்தவருக்கு அடியில் திண்டின் உள்ளுறுப்பே நகர்ந்தால், வெளியே எத்தனை திருகாணி போட்டும் பயனில்லை.

நுரையைப் பலகையோடு ஒட்டுவதற்கு இரப்பர்ப் பசை. இரு முகத்திலும் தடவி, உடனே ஒட்டாமல், கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்த பின் நகர்த்த முடியாது, அவ்வளவுதான். ஆகையால் பலகையின் நடுவிலும் நுரையின் நடுவிலும் சுண்ணக்கோடு கிழித்துக்கொண்டு, இரண்டும் பொருந்துமாறு ஒரு விளிம்பிலிருந்து மெல்லச் சாய்த்து இறக்குவோம். மழைக்காலத்தில் பசை பதத்துக்கு வர இரட்டிப்பு நேரமாகும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

இனி ஆணிக்கு வருவோம். உறையை மேலே போர்த்தி, திண்டைக் கவிழ்த்து வைத்து, மேஸ்திரி நான்கே ஆணி அடிப்பார். முன்விளிம்பின் நடுவில் ஒன்று, பின்விளிம்பின் நடுவில் ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று. நான்கையும் பாதிதான் அடிப்பார். கொண்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு திண்டை நிமிர்த்தி, தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தையல்கோடு விளிம்போடு நேராக ஓடுகிறதா? ஒரு மூலை உயர்ந்து மறு மூலை தாழ்ந்திருக்கிறதா? கோணல் இருந்தால் அந்தப் பாதி ஆணியை நகத்தால் நெம்புவது போல எடுத்துவிட்டு, இழுத்துச் சரிசெய்து மீண்டும் பாதி அடிப்பார். எல்லாம் சரி என்று கண்ட பின்னரே நடுவிலிருந்து மூலைகளை நோக்கி வரிசையாக ஆணி இறங்கும். மூலை கடைசி. அங்கே ரெக்சின் மடிப்பு மடிப்பாக மிஞ்சி நிற்கும். அதைக் கொசுவம் போல மடித்து அடக்குவதில்தான் ஒருவனுடைய கைத்திறன் தெரியும்.

தாய்மார்களுக்கு இது புதிதன்று. ரவிக்கை தைக்கும்போது முதலில் குண்டூசி குத்துகிறீர்கள். அல்லது நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு, பொறியில் தைத்து முடித்தபின் அதைப் பிரித்து எறிகிறீர்கள். பாதி ஆணி என்பது எங்கள் குண்டூசி. நாம் சேர்ந்த புதிதில், ஏன் இப்படி அரைகுறையாக அடிக்கிறார் என்று கேட்டோம். அவர் வாயிலிருந்த ஆணியை உள்ளங்கையில் துப்பிவிட்டு, “முழுக்க அடிச்சா முடிவாயிப்போச்சுலே; பாதி அடிச்சது இன்னும் யோசனையில இருக்கு” என்றார்.

ஆக, ஒரு திண்டு இரு முறை பிடிக்கப்படுகிறது. கை திருத்துவதற்காக முதலில் தற்காலிகமாக ஒரு பிடி. வண்டி ஓடுவதற்காகப் பின்னர் நிலையாக ஒரு பிடி. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அறிவதே இத்தொழிலின் முதற் பாடம். முதற்பிடியையே இரண்டாம் பிடி என்று மயங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம்.

முடிந்த திண்டைச் சட்டத்தில் பூட்டும் முறை எங்கள் கொட்டகையில் இவ்வாறிருந்தது. பலகையின் அடியில் முன்பக்கமாக இரண்டு இரும்புக் கொக்கிகள். அவற்றின் வாய் பின்னோக்கி இருக்கும். திண்டைச் சட்டத்தின்மேல் வைத்துப் பின்னோக்கித் தள்ளினால், கொக்கிகள் குறுக்குக் குழாயைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு பின்பக்கத்தில் அடியிலிருந்து இரண்டு திருகாணிகள். பலகைக்குள் முள் நட்டு பதித்திருப்போம். திருகாணி அதில் ஏறும். கழற்ற முடியாதபடி அறைந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கழற்றத்தான் வேண்டும். உறை கிழியும், மழைச்சாரல் உள்ளே புகும், ஈரத்தில் பலகை உப்பி ஆணி துருப்பிடிக்கும், இருக்கைக்கு அடியில் தரையை உயர்த்திப் பார்க்க வேண்டிய வேலையும் வரும். ஆண்டில் பாதி மழை பெய்யும் ஊரில் நிலையான பிடியும் கழற்றத்தக்க பிடியாகவே இருந்தாக வேண்டும். கொக்கியும் திருகாணியும் சேர்ந்தால் இரண்டும் கிடைக்கும்.

அந்த ஆண்டு தை மாதம். திருமண வண்டியாக ஓட்டுவதற்கு ஒருவர் பேருந்து ஒன்றை வாங்கி, இருக்கைகளை எங்களிடம் ஒப்படைத்திருந்தார். முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது. மேஸ்திரி உறவினர் ஒருவர் இறந்து ஊருக்குப் போயிருந்தார். கடைசி இரவில் திண்டுகளை நாமும் மற்றொருவரும் பூட்டினோம். கடைசி இரண்டு திண்டுகளுக்குத் திருகாணி இல்லை, டப்பா காலி. கடைகள் அடைத்துவிட்டன. திண்டுகளைக் கொட்டகையிலேயே வைத்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. வண்டி அழகாக, நிறைவாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் அவ்விரண்டையும் சட்டத்தின்மேல் வைத்துப் பின்னோக்கித் தள்ளினோம். கொக்கி கவ்விற்று. கையால் ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. மற்ற இருக்கைகளோடு அவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. காலையில் திருகாணி வாங்கிப் போட்டுவிடலாம் என்று உறங்கப் போனோம். விடியுமுன்பே ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துச் சென்றுவிட்டார்.

பாலராமபுரத்தருகே ஒரு மிதிவண்டி குறுக்கே வந்தது. ஓட்டுநர் நிறுத்துபொறியை அழுத்தினார். வண்டி நின்றது, அமர்ந்திருந்தவர்கள் முன்னோக்கித் தள்ளப்பட்டனர். பின்னோக்கித் தள்ளினால் கவ்வும் கொக்கி, முன்னோக்கித் தள்ளினால் விட்டுவிடும் அல்லவா? அதைத் தடுக்கத்தானே பின்புறத் திருகாணி? அது இல்லை. ஒரு திண்டு ஆளோடு சேர்ந்து வழுக்கி முன்னே பாய்ந்தது. அதில் பேரக்குழந்தையை மடியில் வைத்து அமர்ந்திருந்த மூதாட்டி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையை முன் இருக்கையின் குழாயில் ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. இன்னொரு திண்டில் ஒருவரும் அமர்ந்திருக்கவில்லை. அது தரையில் கிடந்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனோம். யார் என்று சொல்லிக் கட்டிலருகே நின்றோம். நாஞ்சில் நாட்டுக்காரர். ஏசுவார் என்று எதிர்பார்த்தோம், ஏசவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்த்து, “மக்கா, நாங்க இருந்த எடத்துலதான் இருந்தோம், ஒன் சீட்டுதான் இருந்த எடத்துல இருக்கல்ல” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்கு நிற்க முடியவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டார். கை ஓங்கவில்லை, வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. கொட்டகையில் அப்போது முடியாத திண்டுகள் ஏழெட்டு இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார். “இனிமே பூட்டி முடியாத திண்டு இப்படித்தான் கெடக்கணும். நிமிர்ந்திருந்தா அது முடிஞ்சதுன்னு அர்த்தம்” என்றார். கடைசித் திருகாணியை ஏற்றியவன் பலகையின் அடியில் தன் அடையாளத்தைச் சாயத்தால் இட வேண்டும் என்றும் விதித்தார். அவ்வளவே அவர் செய்த விசாரணை.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் சென்னையை அடுத்த மோட்டார்த் தொழிற்சாலைப் பகுதிக்கு ஒரு முறை செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. எத்தனை மாற்றம்! காரின் பின்னிருக்கைத் திண்டில் நுரையை அச்சில் வார்க்கும்போதே உள்ளே எஃகுக் கம்பி பதிந்துவிடுகிறது. அதன் வளையங்கள் இரண்டு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டித் தரையிலுள்ள துளைகளில் பிளாஸ்டிக் கவ்விகள். தொழிலாளி முதலில் இருக்கைப் பட்டையின் கொளுவிகளைத் திண்டின் பிளவு வழியே மேலே இழுத்துவிட்டு, பின்விளிம்பை உள்ளே செருகி, முன்விளிம்பை முழங்காலால் அழுத்துகிறார். ‘டக்’ என்று ஓர் ஒலி. அடுத்து மறுபுறம் இன்னோர் ஒலி. திண்டு அமர்ந்துவிட்டது. ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை. கொளுவியை மேலே இழுக்க மறந்தால் அது அடியில் புதைந்துபோகும். திண்டைத் திரும்பத் தூக்க வேண்டும்.

முன்னிருக்கையில் உறையைப் பிடிக்கும் முறை இன்னும் நயமானது. நுரையின் மேல்முகத்தில் ஒரு பள்ளக்கோடு. அதன் அடியில் ஒரு கம்பி. உறையின் உட்புறத்தில் தைத்த குழலில் மற்றொரு கம்பி. இரண்டையும் சிறு எஃகு வளையத்தால் குறட்டால் நெரித்துப் பிணைக்கிறார்கள். நுரையை ஒரு பிடிசட்டத்தால் அமுக்கி வைத்துக்கொண்டால்தான் பள்ளத்தின் அடிக்கம்பி கைக்கு எட்டும். பிடிசட்டத்தை எடுத்தவுடன் நுரை எழும்பி உறையை விறைக்கச் செய்கிறது. பாதி ஆணி செய்த வேலையை இங்கே அப்பிடிசட்டம் செய்கிறது. இந்த வளையத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹாக் ரிங்’ என்று பெயர்; பன்றி மண்ணைக் கிளறாதிருக்க அதன் மூக்கில் மாட்டும் வளையம் என்பது பொருள். ஆடம்பரக் காரின் இருக்கைக்குள் பன்றி மூக்கு வளையம்! சில வண்டிகளில் வளையத்துக்கு மாற்றாக ‘வெல்க்ரோ’ ஒட்டுப்பட்டை உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவர் 1941இல் வேட்டைக்குச் சென்று திரும்பியபோது, தம் நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களைக் கண்டு அதைச் சிந்தித்தாராம். நம் வேட்டியில் நாயுருவி ஒட்டாத நாள் உண்டா? நாம் உதறிவிட்டுப் போனோம். அவர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்.

அங்கே வேலை செய்த இளைஞர் ஒருவரிடம், அந்த ‘டக்’ ஒலி கேட்காமலே திண்டு அமர்ந்தது போலத் தோன்றுவதுண்டா என்று கேட்டோம். அவர் நம்மை உற்றுப் பார்த்து, “உண்டு சார். அதனாலதான் அழுத்தினதுக்கு அப்புறம் ரெண்டு கையாலயும் மேலே இழுத்துப் பார்க்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. இழுக்கறதுதான் வேலை, அழுத்தறது எல்லாருக்கும் வரும்” என்றார். அவரைக் கட்டித் தழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

இது நம் கொட்டகைக் கவலை மட்டுமன்று, உலகக் கவலையும் ஆகும். அமெரிக்க நாட்டில் பள்ளிப் பேருந்து இருக்கைகளுக்கென்றே 222 என்னும் எண்ணுடைய பாதுகாப்பு விதி 1977 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் திண்டைப் பற்றித் தனிப் பிரிவே இருக்கிறது. திண்டின் எடையைப்போல் 5 மடங்கு விசையால் அதை மேல்நோக்கி இழுத்து, 5 விநாடி அப்படியே வைத்திருந்தாலும், அது சட்டத்தினின்றும் எந்தப் பிணைப்பிலும் விடுபடக் கூடாது. வண்டி கவிழும்போது பறந்து வரும் திண்டு குழந்தைகளைத் தாக்கும். திண்டு போன சட்டத்தின் இரும்பும் தாக்கும். அவ்விதி இருந்தும் ஒரு குறை எஞ்சியது. தூய்மை செய்வதற்காகத் தூக்கிவிடக்கூடிய திண்டுகள் பல, துடைத்தபின் கீழே இறக்கிவிடுவார்கள், பூட்ட மறந்துபோவார்கள், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலிருக்கும். ஆகவே 2009 அக்டோபர் முதல் செய்யப்படும் அத்தகைய இருக்கைகளில், திண்டின் நடுவில் 22 கிலோகிராம் எடை வைத்த அளவிலேயே அது தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். 22 கிலோகிராம் என்பது ஏறத்தாழ ஆறு வயதுக் குழந்தையின் எடை. மனிதன் மறந்தாலும், வந்து அமரும் குழந்தையே தன் இருக்கையைப் பூட்டிக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. அதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் கொக்கி அவ்வாறு அமைந்திருந்தால் அந்த அம்மையாரின் கை பிழைத்திருக்குமே என்ற எண்ணம்தான்.

நம் நாட்டிலும் பேருந்துக் கூட்டுக்கு ‘ஏ.ஐ.எஸ். 052’ என்னும் விதித்தொகுப்பும், இருக்கைகளின் வலிமைக்கும் பிணைப்புக்கும் ‘ஏ.ஐ.எஸ். 023’ என்னும் விதியும் உள்ளன. கரூர் போன்ற ஊர்களில் கூடு கட்டுவோர் அவற்றை நன்கு அறிவர். ஆனால் வண்டி புதிதாக வெளிவரும் நாளில் இருந்த பிடி, பத்து மழைக்காலம் கண்டபின் இருக்கிறதா என்பதை விதித்தொகுப்பு வந்து பார்க்காது. உறை மாற்றுகிறவரும் வண்டி கழுவுகிறவரும்தான் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் கூலியைப் பற்றி நமக்குச் சில கருத்துக்கள் உண்டு. விழா மேடையில் வேண்டா. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம் மேஸ்திரி இன்று இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. அங்கே பழகிய இருவர் நகரின் இரு மூலைகளில் சொந்தமாகக் குஷன் கடை வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்களுள் ஒருவர் கடைக்குப் போயிருந்தோம். ஆணி போய்க் காற்றழுத்தத் துப்பாக்கியால் பின் அடிக்கிறார்கள். ஒரு விநாடியில் ஒன்று. பாதி அடிக்கும் வழக்கமே அதில் இல்லை. அதற்கு மாற்றாகத் துணி உலர்த்தும் கவ்விகளால் நான்கு பக்கமும் உறையைப் பிடித்துவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மூலையில் ஐந்தாறு திண்டுகள் கவிழ்ந்து கிடந்தன. பதினேழு, பதினெட்டு வயதுள்ள ஒரு பையன் வேலை செய்துகொண்டிருந்தான். இவை ஏன் கவிழ்ந்து கிடக்கின்றன என்று ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டோம். “இன்னும் முடியலை சாரே, முடிஞ்சா நிமிர்த்தி வைப்போம்” என்றான். காரணம் அவனுக்குத் தெரியாது. நாமும் சொல்லவில்லை.

அடுத்து நம் குடியிருப்புச் சிறுவர்களின் நாடகம். வேடம் புனைந்துகொண்டு திரைக்குப் பின்னாலிருந்து நம்மை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.